எந்தக் கல்லூரிக்கு "வேண்டாம்" சொல்வீர்கள்? காரணத்தோடு சொல்லுங்கள் (மலேசியா: பினாங்கு, கோலாலம்பூர் என்ற கேஎல்)

பாகான்_தாய் கேட்டது:

மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் ஆறு பாடத்தில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி). கணிதமும் அறிவியலும் அதில் உண்டு. கையில் இப்போது நான்கு வழி இருக்கிறது. பினாங்குத் தீவில் ஒரு கல்லூரியில் தாதிமை (நர்சிங்) டிப்ளோமா, எதிரே பெருநிலத்தில் ஓர் "அகாடமி"யில் கணினி, கேஎல்லில் ஒரு தனியார் இடத்தில் பவுண்டேஷன் (பட்டத்துக்கு முந்திய படிப்பு), அதோடு பள்ளியிலேயே தொடரும் ஆறாம் படிவம்.

பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் "இங்கே போகாதே" பட்டியல் ஒன்று சுற்றுகிறது. காரணங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது: கடைவீட்டு மாடியில் நடக்கிறது, கேன்டீன் இல்லை, எல்ஆர்டி ரயில் பக்கத்தில் இல்லை, பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஆறாம் படிவம் என்றால் மறுபடி சீருடை. இதில் எது உண்மையான காரணம், எது வெறும் பேச்சு? எந்த இடத்தையும் பெயர் சொல்லித் திட்ட வேண்டாம். நீங்கள் எதைப் பார்த்து ஒதுக்குவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

கோப்புக்காரர் எழுதியது:

அக்கா, கல்லூரிப் பெயரை வைத்து ஒதுக்குவது வீண் வேலை. ஒரே கல்லூரியில் ஒரு படிப்பு உருப்படியாக நடக்கும், அடுத்த மாடியில் இன்னொன்று அரைகுறைக் காகிதத்தோடு ஓடும். ஒதுக்குவதென்றால் படிப்பை ஒதுக்குங்கள். அதற்குக் கல்லூரிக் கையேட்டின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கும் ஒரு வரி போதும்.

படிப்பின் பெயருக்குக் கீழே "என்" (N) அல்லது "ஆர்" (R) என்ற எழுத்தில் தொடங்கி, சாய்கோடு போட்டுப் பிரித்த எண்கள் வரும். "என்" என்றால் உயர்கல்வி அமைச்சு புதிதாக அனுமதித்த படிப்பு. "ஆர்" என்றால் அனுமதி புதுப்பிக்கப்பட்டது. பக்கத்தில் 2 இருந்தால் இரண்டாவது புதுப்பிப்பு. அடுத்து வருவது துறை எண். தாதிமைக்கு 0913, மென்பொருளுக்கு 0613. பழைய அச்சில் மூன்று இலக்கம்தான் இருக்கும், தாதிமைக்கு 723, கணினி அறிவியலுக்கு 481. அதன்பின் தனியாக நிற்கும் ஒற்றை இலக்கம்தான் தரம்: 3 என்றால் சான்றிதழ் அல்லது பவுண்டேஷன், 4 டிப்ளோமா, 6 இளநிலைப் பட்டம். முகப்பில் இருப்பவர் வாய்க்கு வாய் "டிகிரி" என்று சொல்லி, அச்சில் 4 இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை, எழுந்து வந்துவிடலாம்.

பிறகு மாதம்/ஆண்டு வரும். அந்த அனுமதி முடியும் தேதி அது. மகள் படித்து முடிக்கும் முன்பே அது காலாவதியானால் பதற வேண்டாம், புதுப்பிப்பது வழக்கம்தான். விண்ணப்பம் போட்டாயிற்றா என்று மட்டும் கேளுங்கள்.

வரியின் கடைசியில், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசாங்க அமைப்பான எம்கியூஏவின் எண். "பிஏ" (PA) என்றால் தற்காலிக அங்கீகாரம். "எஃப்ஏ" (FA) என்றால், பழைய அச்சில் வெறும் "ஏ" (A) என்றால், முழு அங்கீகாரம். பிஏ என்பதாலேயே மோசடி என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு, அது தவறு. எந்தப் புதுப் படிப்பும் பிஏவில்தான் தொடங்க முடியும், முதல் குழு கடைசி ஆண்டுக்கு வரும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கான ஆய்வே நடக்கும். நான் ஒதுக்குவது வேறு: பல குழுக்கள் பட்டம் வாங்கி வெளியே போன பிறகும் பிஏவிலேயே நிற்கும் படிப்பு. அரசாங்க வேலைக்கும் தொழில்முறை வாரியங்களுக்கும் முழு அங்கீகாரம்தான் பேசும். அது கிடைக்காமல் போனால் நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர்தான்.

கையேட்டை அப்படியே நம்பவும் வேண்டாம். எம்கியூஏவின் எம்கியூஆர் பதிவேடு இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. படிப்பின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் தேடி, மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, எந்த வளாகம். கேஎல் வளாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் பினாங்குக் கிளைக்குத் தானாக வராது. பலர் சறுக்குவது இங்கேதான். இரண்டு, முழுநேரமா பகுதிநேரமா, நேரடி வகுப்பா தொலைநிலையா. மூன்று, அங்கீகாரம் தொடங்கிய தேதி. கல்லூரி தரும் சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும் படிப்பின் பெயரும் பதிவேட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

கடைவீடு, கேன்டீன் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

தாதிமைக்கு எம்கியூஏ மட்டும் போதாது. மூன்று வருடம் படித்து முடித்த பிறகு மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறினால்தான் பதிவு. பதிவு இல்லாமல் எந்த மருத்துவமனையிலும் தாதியாக நிற்க முடியாது. அதனால் கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கடைசி மூன்று குழுக்களில் வாரியத் தேர்வை எழுதியவர்கள் எத்தனை பேர், முதல் தடவையிலேயே தேறியவர்கள் எத்தனை பேர்? "நல்ல ரிசல்ட்தான்" என்பது பதில் ஆகாது. எண் சொல்லத் தயங்கும் இடத்தை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில்? சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரிகள் அரசாங்க மருத்துவமனைகளில் இடம் கேட்டுத்தான் பிள்ளைகளை அனுப்புகின்றன. ஒரே வார்டில் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து நின்றால், ஊசி போடவோ ட்ரெஸ்ஸிங் செய்யவோ ஒருவருக்கு எத்தனை வாய்ப்பு வரும்? பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்து நிரம்பும், கை பழகாது. தீவுக் கல்லூரியில் படித்தாலும் பயிற்சி பெருநிலத்திலோ பக்கத்து மாநிலமான கெடாவிலோ விழலாம். போக்குவரத்தும் தங்குமிடமும் யார் செலவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, நுழைவுத் தகுதி. இந்தக் குறைந்தபட்ச கிரெடிட் எண்ணிக்கை சமீப ஆண்டுகளில் மாறியிருக்கிறது. மகள் சேரும் பருவத்துக்கு வாரியம் என்ன கேட்கிறதோ அதை வாரியத்திடமே பாருங்கள். ஆறு கிரெடிட்டில் கணிதமும் அறிவியலும் இருப்பது நல்ல தொடக்கம்.

தனியார் மருத்துவமனை படிப்புச் செலவை ஏற்கிறது என்றால் ஒப்பந்தத்தில் மூன்று வரியைத் தேடுங்கள்: படிப்பு முடிந்து எத்தனை ஆண்டு அவர்களிடம் வேலை செய்ய வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், தேர்வில் தவறினால் என்ன ஆகும். மூன்றாவது வரி பல ஒப்பந்தங்களில் தெளிவாக இருக்காது. ஜாமீன் கையெழுத்து போடப்போவது நீங்கள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பாலம்_தாண்டி எழுதியது:

கோப்புக்காரர் சொன்னதெல்லாம் சரிதான், ஆனா பிள்ளைங்க சொல்ற காரணத்த அவ்வளவு லேசா தள்ளிவிட முடியாதுலா. எல்ஆர்டி பக்கத்துல இல்லைங்கறது வெறும் பேச்சு இல்ல. காகிதம் எல்லாம் சரியா இருந்தும் முதல் வருஷத்துலயே பிள்ளைங்க நின்னுபோறது பயணத்தாலயும் காசாலயும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. பெருநிலத்துல பட்டர்வொர்த்திலேர்ந்து தீவுல பாயான் லெப்பாஸ் பக்கம் எட்டு மணி வகுப்புன்னா, ஃபெர்ரி, அப்புறம் ரேபிட் பினாங்கு பஸ். ஒரு பஸ் தவறினா முதல் வகுப்பு போச்சு. பாலத்துல மோட்டோவுக்கு 2019லேர்ந்து டோல் இல்ல, அதனால நிறைய பேர் மோட்டோலதான் போறாங்க. ஆனா 13.5 கிலோமீட்டர் பாலம், மழை, காத்து, கூட லாரி. நைட் ஷிஃப்ட் பயிற்சி முடிச்சிட்டு தூக்கக் கலக்கத்துல ஒரு பொண்ணு அதுல தனியா ஓட்டிட்டு வரணுமான்னு யோசிங்க. தாதிமைன்னா ஹாஸ்டல் இருக்கிற இடமாத்தான் பார்க்கணும்.

கேஎல்ல போக்குவரத்து சுலபம். மை50 பாஸ் மாசம் 50 வெள்ளி (ரிங்கிட்), எல்ஆர்டி எம்ஆர்டி ரேபிட் பஸ் எல்லாத்துலயும் ஏறலாம். வாங்சா மாஜு, புக்கிட் ஜாலில், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருக்கிற கல்லூரின்னா ரயில் நிலையத்தையே நம்பலாம். ஆனா அறை வாடகை இருக்கே! 500 வெள்ளின்னு வெச்சாலும் வருஷம் 6,000, மூணு வருஷத்துக்கு 18,000. இது எந்த விளம்பரத்துலயும் வராது.

விளம்பரத்துல வராத இன்னும் சில: பதிவுக் கட்டணம், வளக் கட்டணம், லேப், தேர்வுக் கட்டணம், எம்பியு கட்டாயப் பாடங்கள், தொழில் பயிற்சி செமஸ்டருக்கும் கட்டணம், பட்டமளிப்பு. ஒரு பாடத்துல தோத்தா திரும்ப எடுக்க எவ்வளவுன்னு கண்டிப்பா கேளுங்க. "முதல் நாளிலேர்ந்து பட்டம் வாங்குற வரைக்கும் மொத்தம் எவ்வளவு, நடுவுல ஏத்துவீங்களா?"ன்னு கேட்டு, பதிலை அவங்க லெட்டர்ஹெட்டுல வாங்குங்க. கொடுக்கமாட்டேன்னா அந்த இடம் வேணாம்.

"100 விழுக்காடு உபகாரச் சம்பளம்"னு போட்டிருந்தா, அது பாடக் கட்டணத்துக்கு மட்டுமா, சராசரி மதிப்பெண் (சிஜிபிஏ) எதுக்குக் கீழ போனா நிப்பாட்டுவாங்கன்னு பாருங்க. இலவச லேப்டாப்புன்னு ஆசை காட்டுறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

பாகான்_தாய்:

எல்லாருக்கும் நன்றி. தாதிமைக் கல்லூரியிடம் தேர்வு எண்ணிக்கையைக் கேட்டு எழுதப்போகிறேன். அகாடமிக் கடிதத்தில் நீங்கள் சொன்ன வரியே இல்லை. "எஸ்கேஎம் 3, பிடிபிடிஎன் கிடைக்கும்" என்று மட்டும் இருக்கிறது. கேஎல் பவுண்டேஷனில் "பிறகு 3+0 பிரிட்டிஷ் பட்டம்" என்கிறார்கள். இந்த இரண்டையும் எப்படிப் பார்ப்பது?

பட்டறை_மேசை எழுதியது:

எஸ்கேஎம் என்பது மலேசியத் திறன் சான்றிதழ். அதற்கு எம்கியூஏ வரி இல்லாதது தப்பில்லை, அது வேறு பாதை. திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகேதான் அங்கீகாரம் தருகிறது. எஸ்கேஎம் 1, 2, 3, அதற்கு மேல் டிகேஎம் (திறன் டிப்ளோமா) நான்காம் தரம், டிஎல்கேஎம் (உயர்நிலைத் திறன் டிப்ளோமா) ஐந்தாம் தரம். பார்க்க வேண்டியது: அந்த அகாடமி ஜேபிகேயின் அங்கீகரிக்கப்பட்ட மையமா, எந்தப் படிப்புக் குறியீட்டுக்கு, எந்தத் தரம் வரை, எந்தத் தேதி வரை. இரண்டாம் தரத்துக்கு மட்டும் அனுமதி வைத்துக்கொண்டு மூன்றாம் தரத்துக்கு ஆள் சேர்த்தால், பிள்ளைகள் கடைசியில் வேறு மையம் தேடி அலைய வேண்டிவரும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்துவது பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன். திறன் சான்றிதழுக்கான கடன் தருவது பிடிபிகே, அது தனி நிறுவனம். பிடிபிடிஎன் எம்கியூஏ பக்கத்துப் படிப்புகளுக்கு. எஸ்கேஎம்முக்குப் பிடிபிடிஎன் என்று எழுதுகிறவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். இரண்டுமே நல்லதல்ல.

ஆறு கிரெடிட் இருக்கிற பிள்ளைக்குக் கணினியில் ஆசை என்றால் பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. பாலிடெக்னிக்குகளில் பாடக் கட்டணம் செமஸ்டருக்கு 200 வெள்ளி. அரசாங்க உயர்கல்விக் கூடங்களுக்கான யுபியு இணையதளம் வழியாக விண்ணப்பம். எந்தக் கிளையில் எந்த டிப்ளோமா நடக்கிறது என்பதை அங்கேயே பார்த்துவிட்டு வரிசைப்படுத்துங்கள். "பாலி" என்றால் மதிப்பில்லை என்று ஒதுக்குகிறவர்கள் நம்மவர்களில் நிறைய. அந்தக் காரணத்தை நான் ஒரு காசுக்கும் மதிக்கமாட்டேன்.

கோப்புக்காரர்:

பவுண்டேஷன் பற்றி. தனியார் பவுண்டேஷனின் பெரிய குறை தரமல்ல, ஒருவழிக் கதவு என்பது. அதே இடத்தின் பட்டப்படிப்புக்கு நேராகப் போகும், வேறு தனியார் பல்கலைக்கழகங்களில் சிலது ஏற்கும், சிலது ஏற்காது. யுபியு வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகம் போக எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு), அரசாங்க மெட்ரிக்குலேஷன், அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் அசாசி (அடித்தளப் படிப்பு), டிப்ளோமா இவைதான் வழக்கமான வழி. ஆகவே பவுண்டேஷனில் கையெழுத்திடும் நாளிலேயே பட்டத்தின் செலவுக்கும் சேர்த்துக் கையெழுத்திடுகிறீர்கள். பட்டத்தின் மொத்தக் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் பவுண்டேஷன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

3+0 என்றால் மூன்று ஆண்டும் இங்கே, பட்டம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையது. கேட்க வேண்டியவை: பட்டத்தாளில் எந்தப் பெயர் வரும்? அந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? நடுவில் முறிந்தால், ஏற்கெனவே சேர்ந்தவர்கள் அதே பட்டத்தோடு முடிக்க எழுத்துப்பூர்வ உறுதி உண்டா? இதையும் எம்கியூஆரில் தேடுங்கள், 3+0 படிப்புக்கும் அங்கே பதிவு வேண்டும்.

தொழில் படிப்பு என்றால் வாரியம்தான் கடைசிச் சொல். மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், சட்டத்துக்கு எல்பிகியூபி என்ற சட்டத் தொழில் தகுதி வாரியம், பொறியியலுக்குப் பொறியியலாளர் வாரியத்தின் இஏசி என்ற அங்கீகாரக் குழு. பொறியியலில் மட்டும் ஒரு எச்சரிக்கை: "பொறியியல்" பட்டமும் "பொறியியல் தொழில்நுட்பம்" பட்டமும் ஒரே வளாகத்தில், ஏறக்குறைய ஒரே கட்டணத்தில் விற்கப்படும். முதலாவதுதான் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிய நேர்வழி. இரண்டாவது தொழில்நுட்பவியலாளர் பாதை. பின்னால் தெரிந்து அழுவதில் பயனில்லை.

"டிப்ளோமா முடித்தால் நேராக இரண்டாம் ஆண்டு" என்பதிலும் எல்லை உண்டு. டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்குக் கொண்டுபோகக்கூடியது பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டில் (பாடப் புள்ளிகளில்) 30 விழுக்காடு. 120 கிரெடிட் பட்டத்தில் அது 36. "பாதிப் படிப்பு மிச்சம்" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சீருடை_பரவாயில்லை எழுதியது:

ஆறாம் படிவத்தை யாருமே பேசவில்லையே! வேண்டாம் என்பதற்குப் பிள்ளைகள் சொல்வது சீருடை, முடிவெட்டு, சபை கூடுதல். நல்ல காரணம் சொல்லத் தெரிந்தால் சரி, இதுவா காரணம்?

மூன்று தவணை, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. ஒவ்வொரு தவணைக்கும் தனித் தேர்வு, முதல் இரண்டு தவணைகளை மறுபடி எழுதவும் வாய்ப்பு உண்டு. செலவு தனியார் பவுண்டேஷனின் பக்கத்தில் கூட வராது. பொதுப்பாடம் கட்டாயம், மூயெட் ஆங்கிலத் தேர்வு தனி. யுபியுவில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் போகிறது. அந்தப் பத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய. முதல் தவணையிலேயே ஒரு கழகம், ஒரு சீருடை இயக்கம், ஒரு விளையாட்டு மூன்றிலும் பெயரைப் பதிந்து, சான்றிதழ்களைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒதுக்க நியாயமான காரணம் ஒன்றுண்டு: உங்களுக்கு இடம் கொடுத்த பள்ளியில் வேண்டிய பாடம் இல்லாதது. எல்லா ஆறாம் படிவ மையத்திலும் அறிவியல் பிரிவு கிடையாது, இருந்தாலும் உயிரியல் எடுக்க ஆள் போதவில்லை என்று மூடியிருப்பார்கள். பள்ளிக்கே போய்க் கேட்டு, பாடம் இருக்கும் பள்ளிக்கு மாற்றல் மனு உடனே போடுங்கள். வகுப்பு தொடங்கிப் பல வாரம் கழித்துப் போட்டால் இடம் இருக்காது.

கோப்பு_மூடும்_வரை எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று: கல்லூரியே நடுவில் மூடினால்? இது கற்பனை இல்லை. கெப்பாலா பத்தாஸில் இருந்த அலையன்ஸ் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரி 2014-இல் மூடியபோது, படித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. கல்லூரி போனாலும், வாங்கிய பிடிபிடிஎன் கடன் மாணவர் பெயரில்தான் நிற்கும்.

முன்கூட்டிப் பார்க்க வழி உண்டு. தனியார் கல்லூரிகளை நடத்துவது ஒரு நிறுவனம். அதன் பெயர் கடிதத்தின் அடியில் பதிவு எண்ணோடு இருக்கும். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மின் இணையச் சேவையில் சில வெள்ளி கட்டி அதன் நிதி விவரத்தை வாங்கலாம். இரண்டை மட்டும் பாருங்கள்: சேர்ந்துபோன நஷ்டம் ஆண்டுக்காண்டு வளர்கிறதா, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன் ஓராண்டுக்குள் கைக்கு வரக்கூடிய சொத்தைவிட அதிகமா. இரண்டும் ஆம் என்றால் அந்த இடத்தில் மூன்றாண்டுப் படிப்புக்குச் சேர்ப்பது சூதாட்டம். கல்லூரிப் பெயருக்குப் பின்னால் அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் முடிவில் அடைப்புக்குறிக்குள் வரும் எழுத்து அந்த மாநிலத்துக் கார் எண் பலகையில் வரும் எழுத்தேதான். பினாங்கு என்று சொல்லிவிட்டு வேறு மாநில எழுத்து இருந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருப்பது எந்த வளாகத்தோடு என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து தெரியும் அறிகுறிகளும் உண்டு. ஒரே செமஸ்டரில் விரிவுரையாளர் இரண்டு மூன்று பேர் மாறுவது, பாடத்தை வேறு குழுவோடு சேர்த்து நடத்துவது, "ஒரு வருடக் கட்டணத்தை இப்போதே கட்டினால் 20 விழுக்காடு கழிவு" என்று அவசரப்படுத்துவது. கடைசியில் சொன்னது பணமுடையின் சத்தம்.

கட்டுவதென்றால் செமஸ்டர் செமஸ்டராகக் கட்டுங்கள். நிறுவனத்தின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மட்டும், முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒருபோதும் வேண்டாம். முன்னோட்டத் தேர்வு முடிவை வைத்துக் கொடுத்த கடிதம் நிபந்தனைக் கடிதம்தான். எஸ்பிஎம் முடிவைக் காட்டி முழுக் கடிதமாக மாற்றாமல் இரண்டாவது வெள்ளியைக் கட்டாதீர்கள்.

பெர்த்தாம்_அப்பா:

பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி ஏற்கெனவே கட்டியாச்சு, இப்ப வேற இடம் கிடைச்சிருச்சு. திரும்பக் கிடைக்குமா?

கோப்பு_மூடும்_வரை:

ஐயா, முதலில் கடிதத்தின் பின்பக்கத்தில் திருப்பித்தரும் விதியைப் பாருங்கள். பதிவுக் கட்டணத்தைத் திருப்புவதில்லை என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ஆனால் முன்பணம், வளக் கட்டணம், விடுதிப் பிணைப்பணம் வேறு கணக்கு. வகுப்பு தொடங்குவதற்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்து விழுக்காடு மாறும், அதனால் நாளைக்கே எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னால் கணக்கில் வராது. மின்னஞ்சலில் விலகல் தேதி, ரசீது எண், வங்கிக் கணக்கு மூன்றையும் போட்டு, நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் உயர்கல்வி அமைச்சுக்குப் புகார். அதற்கும் அசையாவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது: மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கை, வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் தீவில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள். கடிதம், ரசீது, விளம்பரத் தாள், முகவரின் வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.